மதிலுக்குள் ஒரு பொறுப்பு

நுழையும்முன்

குற்றச்செய்தி ஒன்றைப் படிப்போர் பெரும்பாலும் ‘சிறையில் அடைக்கப்பட்டார்’ என்னும் தொடரோடு படிப்பதை நிறுத்திவிடுகின்றனர். செய்தி அங்கே முடிகிறது. ஓர் அரசுத் துறையின் பணி அங்கேதான் தொடங்குகிறது. அடைக்கப்பட்டவர் அன்றிரவு எங்கே உறங்குகிறார்? நோயுற்றால் அவருக்கு மருந்து தருபவர் யார்? அவர் எப்போது, எந்நிலையில் வெளியே வருகிறார்? சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை நாள்தோறும் விடையளிக்க வேண்டிய வினாக்கள் இவை.

கேட்ட நீரும் கேளாத உணவும்

சேரமான் கணைக்கால் இரும்பொறை போரில் தோற்றுச் சோழன் செங்கணானின் குடவாயிற்கோட்டத்துச் சிறையில் இருந்தான். நீர்வேட்கை மிகுந்தபோது காவலரிடம் தண்ணீர் கேட்டான். அவர்கள் உடனே தரவில்லை, காலந்தாழ்த்திக் கொண்டுவந்தனர். கைக்கு வந்த நீரைப் பருகாமலே அவன் உயிர்நீத்தான் என்பது புறநானூற்றின் 74ஆம் பாடலுக்கு அமைந்த பழங்குறிப்பு.

மானத்தின் பெருமைக்குச் சான்றாகவே இந்நிகழ்ச்சியை எடுத்துரைப்பது வழக்கம். அதில் சிறையின் இயல்பு குறித்த செய்தி ஒன்றும் அடங்கியுள்ளது. நாடாண்ட மன்னனே ஆயினும், சிறைக்குள் ஒரு வாய் நீர்கூட அவனுக்குத் தானாகக் கிடைப்பதில்லை. அது இன்னொருவர் கைவழியாகவே வரவேண்டும். உணவு, உடை, மருந்து, கடிதம், வழக்கறிஞரின் முகம் என எல்லாம் அப்படித்தான். வெளியில் இருப்பவர் பசித்தால் கடைக்குச் செல்கிறார். தலைவலித்தால் மருத்துவரிடம் செல்கிறார். சிறையில் இருப்பவர் கேட்கத்தான் முடியும். கேட்டதைக் கொடுப்பதும் தாழ்த்துவதும் மறுப்பதும் பிறர் கையில் உள்ளன.

அந்தக் கை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு மணிமேகலைக் காப்பியம் வேறொரு காட்சியைத் தருகிறது. காயசண்டிகை வடிவில் இருந்த மணிமேகலை, அமுதசுரபியை ஏந்திப் புகார் நகரின் சிறைக்கோட்டத்துக்குள் புகுந்து, பசியால் வாடியோரை உண்பித்தாள். ஒரே பாத்திரத்திலிருந்து எல்லார்க்கும் உணவு சுரப்பதைக் கண்ட காவலர்கள் மன்னனிடம் அறிவித்தனர். மன்னன் அவளை வரவழைத்து, அவள் வேண்டுவது யாது என வினவினான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித்தர வேண்டும் என்றாள் அவள். மன்னனும் இசைந்தான். காப்பியத்தின் ஒரு காதை முழுவதும் இந்நிகழ்ச்சியின் பெயரையே தாங்கி நிற்கிறது. உணவளித்ததோடு அவள் நிறைவடைந்திருக்கலாம். ஆனால் அந்தக் கட்டடத்தின் நோக்கத்தையே மாற்றுமாறு கேட்டாள் என்பதுதான் கருதத்தக்கது.

இன்றைய அரசு எல்லாச் சிறைகளையும் ஒருநாளில் அறக்கோட்டமாக்கிவிட இயலாது. கொலையுண்டவரின் குடும்பத்துக்கும் பொருளிழந்தவருக்கும் அரசு விடைசொல்லியாக வேண்டும். ஆயினும், அடைத்துவைத்த பின் என்ன செய்வது என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று.

செக்கும் கல்லும்

இன்று தமிழகத்தில் காணும் சிறைகளின் அமைப்பு ஆங்கிலேயர் ஆட்சியில் உருவானது. 1835ஆம் ஆண்டில் மெக்காலே சிறைகளின் சீர்கேட்டைச் சுட்டிக்காட்டியதைத் தொடர்ந்து குழு ஒன்று அமைந்தது. 1838ஆம் ஆண்டில் அக்குழு அளித்த அறிக்கை, கல்வியும் அறிவுரையும் கொண்டு சிறைவாசிகளைத் திருத்தும் கருத்தை ஏற்கவில்லை. சலிப்பூட்டும் கடும் உழைப்பே தண்டனையாகும் என அது கருதியது. அந்தக் காலத்தில்தான், 1837ஆம் ஆண்டில், சென்னை மத்திய சிறை எழுந்தது. 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் சிறையை ஒழுங்குபடுத்தியது. பதிவேடுகள், பிரிவுகள், தண்டனைகள் என அனைத்தையும் வகுத்தது. ஆனால் திருத்தம் என்பதற்கு அதில் பெரிய இடமில்லை.

அந்தச் சட்டத்தின் கீழ்ச் சிறை எவ்வாறு நடந்தது என்பதைத் தமிழ்நாடு தன் தலைவர்களின் உடலில் கண்டது. சுதேசிக் கப்பல் கண்ட வ.உ.சிதம்பரனார் 1908ஆம் ஆண்டில் தண்டனை பெற்றுக் கோயம்புத்தூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டார். வழக்கறிஞராக வாழ்ந்த அவர், அங்கே மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுத்தார். 1912ஆம் ஆண்டின் இறுதியில் அவர் விடுதலையானபோது கப்பல் நிறுவனமும் இல்லை, கைப்பொருளும் இல்லை. அதே வழக்கில் தண்டனை பெற்ற சுப்பிரமணிய சிவா, சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி வெளியே வந்தார். நீதிமன்றம் அவருக்கு விதித்தது சிறைவாசம் மட்டுமே. நோயை எந்தத் தீர்ப்பும் விதிக்கவில்லை. தீர்ப்பில் எழுதப்படாத தண்டனை ஒன்று சிறைக்குள் சேர்ந்துவிடுவதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

சிறைக்கொடுமை பெருந்தலைவர்களுக்கு நேர்ந்தபோது வரலாறாயிற்று. பெயரறியாத எளியோருக்கு நேர்ந்தபோது பதிவேட்டில் ஒரு வரிகூட ஆகவில்லை. அரசியல் காரணங்களால் சிறை சென்ற படித்தவர்கள் எழுதிய நூல்களாலேயே பிற சிறைவாசிகளின் நிலை ஓரளவேனும் வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1921ஆம் ஆண்டின் இறுதியில் வேலூர்ச் சிறைக்குச் சென்ற இராஜாஜி அங்கே எழுதிய நாட்குறிப்பும் அவற்றுள் ஒன்று.

மாற்றம் மெல்ல வந்தது. அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் அமைந்த இந்தியச் சிறைகள் குழு (1919 - 1920), அச்சுறுத்தித் தடுப்பதோடு சிறைவாசியைத் திருத்துவதும் சிறையின் நோக்கமாதல் வேண்டும் என முதன்முதலாகத் தெளிவுபடக் கூறியது. விடுதலைக்குப்பின் அமைந்த நீதியரசர் முல்லா குழு (1980 - 1983) அக்கருத்தை மேலும் விரித்தது. துறையின் பெயரிலேயே ‘சீர்திருத்தப் பணிகள்’ என்னும் தொடர் இன்று சேர்ந்துள்ளது. ‘கைதி’ என்னும் சொல்லுக்கு மாற்றாகச் ‘சிறைவாசி’, ‘இல்லவாசி’ என்னும் சொற்கள் அலுவலக வழக்கில் இடம்பெற்றுள்ளன. சொல் மாறினால் எல்லாம் மாறிவிடாது. ஆயினும் ஒருவரை நாள்தோறும் எந்தச் சொல்லால் அழைக்கிறோமோ அந்தச் சொல்லின் வழியே அவரைப் பார்க்கவும் தொடங்கிவிடுகிறோம்.

தெரிந்து தெளிவோம்

சென்னை மத்திய தொடர்வண்டி நிலையத்துக்கு அருகில் 169 ஆண்டுகள் இயங்கிய பழைய மத்திய சிறை 2006ஆம் ஆண்டில் புழலுக்கு மாற்றப்பட்டது. 2009ஆம் ஆண்டில் பழைய கட்டடம் இடிக்கப்பட்டது. அந்நிலத்தில் இன்று சென்னை மருத்துவக் கல்லூரியின் கட்டடங்கள் நிற்கின்றன.

துறையின் அமைப்பு

இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் நான்காம் இனமாகச் சிறைகள் இடம்பெற்றுள்ளன. எனவே சிறைகளை நடத்துவது மாநில அரசின் பொறுப்பாகும். தமிழ்நாட்டில் இது உள்துறையின் கீழ் வருகிறது. புழலில் தண்டனை பெற்றோருக்கு ஒன்று, விசாரணையில் இருப்போருக்கு ஒன்று என இரண்டு மத்திய சிறைகள் உள்ளன. வேலூர், கடலூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் உள்ளவற்றையும் சேர்த்து மத்திய சிறைகள் ஒன்பது. பெண்களுக்கெனத் தனிச் சிறைகள் இருக்கின்றன. இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிகள் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்தவை. வட்டங்கள்தோறும் இருந்த கிளைச் சிறைகளும் இத்துறையைச் சேர்ந்தனவே.

இவற்றினின்று வேறுபட்டவை திறந்தவெளிச் சிறைகள். சிவகங்கை மாவட்டத்துப் புரசடைஉடைப்பில் உள்ள சிறை அத்தகையது. நன்னடத்தையால் தகுதிபெற்ற சிறைவாசிகள் அங்கே வேளாண்மை செய்கின்றனர். ஓங்கிய மதில் அங்கே இல்லை. ஓடிப்போக வழியிருந்தும் ஓடாமல் இருப்பதே அங்கு அவர்கள் எழுதும் தேர்வு எனலாம்.

மதிலுக்கு வெளியிலும் துறைக்குப் பணியுண்டு. முதன்முறை சிறு குற்றம் செய்த ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைப் பிணையில் விடுவிக்க 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வகைசெய்கிறது. அவ்வாறு விடப்பட்டவரின் குடும்பச்சூழலை ஆய்ந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவதும், பின்னர் அவரைக் கண்காணித்து வழிநடத்துவதும் நன்னடத்தை அலுவலரின் பணியாகும். சிறைத்துறையின் பணிகளுள் மிகச் சிறந்தது எதுவென ஒன்றைச் சுட்டவேண்டுமாயின் இதனையே சுட்டலாம். ஏனெனில் ஒருவரைச் சிறைக்கு வெளியிலேயே வைத்துத் திருத்திவிடுகிறது அது. மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இப்பணியே.

வாயிலில் தொடங்கும் பதிவேடு

நீதிமன்ற ஆணையின்றி எவரையும் சிறைக்குள் ஏற்க இயலாது. காவலர்கள் கொண்டுவரும் ஆணையில் பெயர், குற்றப்பிரிவு, நீதிபதியின் கையொப்பம், முத்திரை ஆகியவை சரியாக உள்ளனவா எனச் சிறை அலுவலர் பார்க்கிறார். ஓர் எழுத்துப்பிழையால் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் உள்ளே இருந்துவிடக் கூடாது. ஒரு தேதிப்பிழையால் ஒருவர் ஒருநாள் கூடுதலாக இருந்துவிடவும் கூடாது. ஆகவே சிறை அலுவலகத்தில் எழுத்துவேலை சிறிய வேலையன்று.

வந்தவரின் உடைமைகள் ஒவ்வொன்றாகப் பட்டியலிடப்படுகின்றன. கைக்கடிகாரம், பணம், மோதிரம் என அனைத்தையும் எழுதிக் கையொப்பம் பெறுகின்றனர். மருத்துவர் அவர் உடலைப் பார்க்கிறார். காயம் இருப்பின் அது எங்கே, எவ்வாறு உள்ளது என எழுதுகிறார். இந்தக் குறிப்பு இருவருக்குக் காப்பாகிறது. முன்னரே பட்ட காயத்துக்குச் சிறைக்காவலர்மீது பழி வாராது. சிறைக்குள் பட்ட காயத்தை முன்னரே இருந்தது என மறைக்கவும் முடியாது. தொற்றுநோய், மனச்சோர்வு ஆகியவற்றை அறிவதும் அந்த முதல் நாளில்தான். சிறைக்குள் நுழைந்த முதல் சில நாள்களே பலருக்குத் தாங்கவொண்ணாதவை என்பதை அனுபவமுள்ள அலுவலர் அறிவர். புதிதாக வந்தவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்வது அதனாலேயே இன்றியமையாதது.

பின்னர் நாள் தன் ஒழுங்கில் நகர்கிறது. காலையில் அறைகளைத் திறக்கும்போது ஓர் எண்ணிக்கை. மாலையில் அடைக்கும்போது ஓர் எண்ணிக்கை. உள்ளே இருக்கவேண்டிய எண்ணும் இருக்கின்ற எண்ணும் ஒத்துவரும்வரை பணிமுறை மாறாது. ஒரு தலை குறைந்தால் மணி ஒலிக்கிறது. எல்லாரும் நின்ற இடத்தில் நிற்கவேண்டும்.

தீர்ப்புக்கு முன்பே

சிறையில் இருப்போர் அனைவரும் குற்றவாளிகள் என்று எண்ணுவது பெரும்பிழை. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைச் சிறைவாசிகள். அதாவது நான்கில் மூவர். அவர்கள் குற்றம் செய்தனரா என்பதை எந்த நீதிமன்றமும் இன்னும் முடிவுசெய்யவில்லை. அவர்களுள் பின்னாளில் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெறுவோரும் உண்டு. அவர்கள் உள்ளே கழித்த ஆண்டுகளைத் திருப்பித்தரும் அதிகாரம் எவருக்கும் இல்லை.

பிணை கிடைத்தும் வெளியே வர இயலாதோரும் இருக்கின்றனர். பிணைத்தொகை கட்டவும், சொத்துடைய இருவரைப் பிணையாளராக நிறுத்தவும் அவர்களுக்கு வழியில்லை. பணமுள்ளவர் மாலையில் வீடு திரும்புகிறார். இல்லாதவர் மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கிறார். குற்றம் ஒன்றே, சட்டமும் ஒன்றே.

1979ஆம் ஆண்டில் பீகார்ச் சிறைகளைப் பற்றிய வழக்கு ஒன்று உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. தாம் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கு உரிய முழுத்தண்டனைக் காலத்தையும் கடந்து, விசாரணையே நடைபெறாமல் பலர் சிறையில் இருந்தது அவ்வழக்கில் வெளிப்பட்டது. விரைந்த விசாரணை ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என அந்நீதிமன்றம் அறிவித்தது.

2024ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, குற்றத்துக்குரிய மிகுதியான தண்டனைக் காலத்தில் பாதியை விசாரணைச் சிறைவாசியாகவே கழித்தவரைப் பிணையில் விடவேண்டும் என்கிறது. முன்பு எக்குற்றத்துக்கும் தண்டனை பெறாதவராயின் மூன்றில் ஒரு பங்கே போதும். மரண தண்டனையோ வாழ்நாள் சிறையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சிக்கியோருக்கும் இச்சலுகை இல்லை. இப்பிரிவில் மாணவர் உற்றுநோக்க வேண்டிய சொற்றொடர் ஒன்று உண்டு. அந்தக் காலம் நிறைவடைந்தவுடன் நீதிமன்றத்துக்கு எழுத்து வடிவில் விண்ணப்பிக்க வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். சிறைவாசி கேட்கும்வரை அவர் காத்திருக்க இயலாது. அடைத்துவைக்கும் கையே வெளிவிடுவதற்கும் முதலில் நீளவேண்டும் எனச் சட்டம் எதிர்பார்க்கிறது. அதற்கு அவர் ஒவ்வொருவரின் நாள்கணக்கையும் பிழையின்றி வைத்திருத்தல் வேண்டும்.

ஒரு கடிதம்

தில்லி திகார்ச் சிறையில் மரண தண்டனை பெற்று இருந்த ஒருவர் உச்சநீதிமன்ற நீதியரசர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தமக்காக அவர் எழுதவில்லை. தம்மோடு சிறையில் இருந்த இன்னொருவரைத் தலைமைக் காவலர் ஒருவர் கொடுமைப்படுத்திக் காயப்படுத்தினார் என்று தெரிவித்திருந்தார். உச்சநீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்று விசாரித்தது. 1979ஆம் ஆண்டு திசம்பரில் வெளிவந்த தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். 1948ஆம் ஆண்டில் தாமே சிறையில் இருந்தவர் அவர். 1957ஆம் ஆண்டில் அமைந்த கேரள அமைச்சரவையில் சிறைகளுக்கும் பொறுப்பேற்றவர். மதிலை இருபுறமும் நின்று பார்த்தவர் என்பதால் அவர் எழுத்துக்குத் தனி வலிமை இருந்தது.

சிறைவாசிகளைப் பற்றிய இத்தகைய தீர்ப்புகள் நிலைநாட்டிய கொள்கை எளியது. சிறை செல்லும் ஒருவர் தம் அடிப்படை உரிமைகளை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதில்லை. நீதிமன்றத் தீர்ப்பு எடுத்துக்கொள்வது அவருடைய நடமாடும் உரிமையையும், அதனோடு தவிர்க்க இயலாமல் சேர்ந்துபோகும் சிலவற்றையும் மட்டுமே. உயிர், உடல்நலம், மானம், சமயம், வழக்கறிஞரைக் காணும் உரிமை ஆகியவை அவரிடமே உள்ளன. இவற்றை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் சிறைக்காவலருக்கு இல்லை. காக்கும் கடமையே உண்டு.

கொள்கை நிலைத்துவிட்டதால் நடைமுறை முழுதும் மாறிவிட்டதெனக் கொள்ளுதல் கூடாது. துப்புரவுப் பணியை ஒரு சாரார்க்கும் சமையற்பணியை வேறொரு சாரார்க்கும் பிறப்பின் அடிப்படையில் பிரித்துக்கொடுக்கும் விதிகள் பல மாநிலங்களின் சிறைக் கையேடுகளில் அண்மைக்காலம்வரை இருந்தன. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவ்விதிகளை அரசமைப்புக்கு முரணானவை எனத் தள்ளியது. சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிப்பகுதியை நீக்கவும் ஆணையிட்டது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்து 74 ஆண்டுகள் கழித்தே அது மதிலைத் தாண்டி அந்தப் பக்கத்தை எட்டியது என்பது வருத்தத்துக்குரியது.

தறியும் ஏடும்

கடுங்காவல் தண்டனை பெற்றோர் வேலை செய்தாக வேண்டும். வ.உ.சி. செக்கிழுத்த அதே கோயம்புத்தூர்ச் சிறையில் பின்னாளில் தறிகள் இயங்கின. வேலூர்ச் சிறையில் காலணிகள் செய்கின்றனர். புழலில் ரொட்டி சுடுகின்றனர். சிறைப் பொருள்களைப் பொதுமக்களுக்கு விற்கச் சிறை அங்காடிகள் உள்ளன. சில நகரங்களில் சிறைவாசிகளே பெட்ரோல் நிலையங்களில் பணிபுரிகின்றனர். வண்டிக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டு, மீதிச் சில்லறையைப் பெற்றுக்கொண்டு செல்வோர் பலருக்குத் தமக்குப் பணிசெய்தவர் தண்டனைச் சிறைவாசி என்பதே தெரிவதில்லை. தெரியாமல் போவதில்தான் அம்முயற்சியின் வெற்றி இருக்கிறது.

செக்குக்கும் தறிக்கும் உள்ள வேறுபாடு பொருளில் மட்டும் இல்லை. செக்கிழுத்தவர் வெளியே வந்தபின் செக்கிழுத்துப் பிழைக்கப்போவதில்லை; அவரை நலிவிப்பதே அதன் நோக்கம். தறியோ தையலோ கற்றவர் அதனைக் கொண்டு வாழலாம். சிறையில் தரும் வேலை எதுவாயினும், அது வெளியுலகில் சோறு போடுமா என்னும் வினாவே அதனை அளக்கும் கோல். இவ்வினாவுக்கு விடை எல்லா இடங்களிலும் நிறைவாக இல்லை. வெளியுலகின் தொழில்கள் விரைந்து மாறுகின்றன. சிறையின் தொழிற்கூடங்கள் அந்த விரைவில் மாறுவதில்லை.

வேலைக்கு ஊதியம் உண்டு. அதில் ஒரு பங்கு சிறைவாசியின் பராமரிப்புக்கும், ஒரு பங்கு அவருடைய குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் நிதிக்கும் செல்கிறது. எஞ்சியது அவர் கணக்கில் சேர்கிறது. தொகை பெரிதன்று. ஆயினும் குற்றம் இழைத்தவரின் உழைப்பில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டவரின் இல்லத்தைச் சென்றடைதல் வேண்டும் என்னும் எண்ணம், தண்டனை பற்றிய பழைய எண்ணத்தினின்று வெகுதொலைவு வந்துவிட்ட ஒன்று.

சிறையில் எழுதப்படிக்கக் கற்றுக்கொண்டோர் உள்ளனர். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளைச் சிறையிலிருந்தே பலர் எழுதுகின்றனர். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் வழியே பட்டம் பெறுவோரும் உளர். சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்னும் பெயரில் அரங்கு அமைத்துச் சிறை நூலகங்களுக்காகப் பொதுமக்களிடம் நூல்களைத் திரட்டியது. வ.உ.சி. சிறையில் இருந்தபோது ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழாக்கினார் என்பதை நினைத்தால், அப்பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும்.

மதிலுக்கு வெளியே காத்திருப்போர்

சிறைவாயிலில் காலைப்பொழுதில் ஒரு கூட்டம் நிற்கும். தாய்மார், மனைவியர், கைக்குழந்தையோடு வந்தோர், ஊரிலிருந்து இரவுப்பேருந்தில் வந்த முதியோர் அதில் இருப்பர். இவர்கள் நேர்காணலுக்கு வந்தவர்கள். மக்கள் வழக்கில் இதனை ‘மனு பார்ப்பது’ என்பர். மனு எழுதிக் கொடுத்து, அடையாள அட்டையைக் காட்டி, முறைவரக் காத்திருந்து, கம்பித்தடுப்புக்கு அப்பால் நிற்பவரோடு சில நிமிடங்கள் பேசித் திரும்ப வேண்டும். அந்தச் சில நிமிடங்களுக்காக ஒருநாள் கூலியை இழந்து வருவோரே பெரும்பான்மையர். தண்டனை ஒருவருக்கு, செலவு ஒரு குடும்பத்துக்கு. தொலைபேசி வழியாகப் பேசும் வசதி வந்தபின் இத்துன்பம் ஓரளவு குறைந்துள்ளது.

சிறைக்குள் இருக்கும் பெண்களின் நிலை இன்னும் கடினமானது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தாயோடு சிறையில் இருக்கலாம். அக்குழந்தைகள் சிறைவாசிகள் அல்லர். அவர்களுக்குரிய உணவும் கல்வியும் மருத்துவமும் தனியே தரப்படல் வேண்டும் என 2006ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் வழிகாட்டியது. சிறைக்குள் வளரும் குழந்தை மாடு, மரம், சந்தை, ஆண்குரல் எதையும் இயல்பாகக் காண்பதில்லை. ஆறு வயதில் அது தாயை விட்டுப் பிரிய வேண்டும். அந்நாளில் விடுதலை பெறுவது குழந்தை. தண்டனை பெறுவதும் அதுவே.

பெற்றோர் இறப்பு, மக்களின் திருமணம் போன்ற வேளைகளில் சிறைவாசிக்கு விடுப்பு அளிக்க 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இடந்தருகின்றன. இதனை இரக்கம் என்று மட்டும் கருதுவோர் உண்டு. குடும்பத்தோடு உறவு அறுபடாதவரே வெளியே வந்தபின் மீண்டும் குற்றத்தின் பக்கம் செல்லத் தயங்குவர் என்பதால், ஊருக்கும் அது பாதுகாப்பே.

வாழ்நாள் தண்டனை என்றால் 14 ஆண்டுகள் என்றொரு தவறான எண்ணம் நிலவுகிறது. வாழ்நாள் தண்டனை என்பது வாழ்நாள் முழுமைக்கும் உரியது. நன்னடத்தை முதலியவற்றைக் கருதி அரசு முன்விடுதலை அளிக்கலாம். ஆனால் மரண தண்டனையும் விதிக்கத்தக்க கொடுங்குற்றத்துக்காக வாழ்நாள் தண்டனை பெற்றவரை 14 ஆண்டுகள் நிறையாமல் அவ்வாறு விடுவிக்கச் சட்டம் இடந்தரவில்லை. 14 என்பது அத்தகையோருக்கு மிகக்குறைந்த எல்லை, முடிவன்று.

சிறையின் காவலர்களும் மதிலுக்குள்ளேயே தம் வாழ்நாளைக் கழிப்பவர்கள் என்பதை மறத்தலாகாது. இரவுப்பணியில் கண்விழித்திருப்பதும், நூற்றுக்கணக்கானோர் நடுவே சிலராக நின்று ஒழுங்கைக் காப்பதும் எளிதல்ல. ஒரு கலவரமோ ஒரு தற்கொலையோ நிகழ்ந்தால் நாடே அவர்களைக் கேள்வி கேட்கிறது. ஒன்றும் நிகழாத ஆயிரம் இரவுகளுக்காக எவரும் பாராட்டுவதில்லை. அவர்களுக்கும் அலுவலர்களுக்கும் பயிற்சி அளிப்பதற்கென 1979ஆம் ஆண்டில் வேலூரில் ஒரு நிறுவனம் தோன்றியது. தென்மாநிலங்களின் சிறை அலுவலர்கள் அங்கே பயில்கின்றனர். சட்டத்தோடு உளவியலும் சமூகப்பணியும் அங்குப் பாடங்களாகின்றன. லத்தியைப் பிடிக்கும் முறையைச் சில நாள்களில் கற்றுவிடலாம். எதிரில் இருப்பவர் சினத்தால் கத்துகிறாரா, அச்சத்தால் கத்துகிறாரா எனப் பிரித்தறியக் கற்பதற்குக் காலம் வேண்டும்.

வெளியேறும் நாள்

விடுதலை நாளன்று மீண்டும் பதிவேடுகள் திறக்கப்படுகின்றன. தண்டனைக் காலம், நன்னடத்தையால் பெற்ற தண்டனைக் கழிவு, வேறு வழக்கு நிலுவையில் உள்ளதா என்பன அனைத்தும் சரிபார்க்கப்படுகின்றன. அங்க அடையாளங்களை ஒப்பிட்டு, இவர் அவர்தாம் என உறுதிசெய்கின்றனர். உள்ளே வந்த நாளில் எழுதிவைத்த பட்டியலின்படி உடைமைகளைத் திருப்பிக் கொடுக்கின்றனர். கடிகாரம் நின்றுபோயிருக்கும். பத்தாண்டுகளுக்கு முன் அணிந்துவந்த சட்டை சிலருக்குப் பொருந்துவதில்லை. கணக்கில் சேர்ந்த ஊதியமும் ஊர் செல்ல வழிச்செலவும் கையில் தரப்படுகின்றன.

சிறைக்குள் செல்வோரில் மிகப் பெரும்பாலோர் என்றேனும் ஒருநாள் இந்த வாயில் வழியே வெளியே வருபவர்களே. அவர்கள் செல்லும் இடம் வேறோர் உலகமன்று; அதே தெரு, அதே ஊர். வாடகைக்கு வீடு கேட்டால் பெயரைக் கேட்டவுடன் கதவு சாத்தப்படுவது உண்டு. வேலைக்குச் சென்றால் இடைப்பட்ட ஆண்டுகளில் எங்கே இருந்தீர்கள் என்னும் வினா எழுகிறது. பிள்ளைக்குப் பெண் பார்க்கச் சென்றால் பழங்கதை முன்னே போய் நிற்கிறது. விடுதலை பெற்றோருக்குத் தொழில் தொடங்கச் சிறு உதவி செய்யும் சங்கம் உண்டு. நன்னடத்தை அலுவலரும் வழிகாட்டுவார். ஆனால் சிறைத்துறையின் அதிகாரம் வாயிலோடு நின்றுவிடுகிறது. அப்பால் உள்ள கதவுகள் ஊராருடையவை.

வாயிலின் சிறு கதவு திறக்கிறது. குனிந்து வெளியே வந்தவர், எந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்பது நினைவில்லாமல் சாலையோரத்தில் சற்று நேரம் நிற்கிறார். பின்னர் எதிரில் வருபவரிடம் வழி கேட்கிறார்.